மாடி ரூமும் பல் பாட்டிலும்

எங்கள் மாடி ரூமுக்கு அவள் குடிவந்த நாலாம் நாள், துவைத்துக் கொடியில் போட்டிருந்த அவளுடைய வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு சாணி உருண்டை வந்து விழுந்தது. பொத்தென்ற சத்தம் கீழே என் தையல் மிஷின் வரைக்கும் கேட்டது. போச்சுடா, இன்றைக்கே பெட்டியைக் கட்டப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டே படியேறினேன்.

அவள் கோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உருண்டையை உடைத்து, உள்ளே இருந்த பால்பல்லைக் குழாயில் கழுவி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இது யாரோட பல்லு?”

“தெருவுல எந்தப் புள்ளைதோ. பல்லு வுழுந்தா சாணியில வெச்சி உருட்டி கூரை மேல போடுவாங்கம்மா. இந்த லைன்ல எங்க மாடிதான் எறியறதுக்குத் தோதா இருக்குது. அதுக்குன்னு கோட்டு மேலயா போடுறது? இரு, நான் போயி யாருன்னு கேக்கறேன்.”

“ஐயோ, கேக்காதீங்க. இன்னும் எவ்ளோ வுழும்?” என்றாள். கண்ணில் அப்படி ஒரு ஆசை.

அவளுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. திருமுக்கூடல் பக்கம் ஊர். நெடுஞ்சாலையில் இருந்த ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தெருவே அவளை டாக்டரம்மா என்றது. இங்கே மரியாதை போட்டு எழுதினால் அவளே சிரிப்பாள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். பல் டாக்டர்தான், ஆனால் பல்லைப் பிடுங்கமாட்டாள், அடைக்கமாட்டாள், மருந்து எழுதித் தரமாட்டாள். “அப்ப இன்னாத்துக்கு டாக்டரு?” என்று எதிர்வீட்டு அத்தை முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். ஈறுக்குள்ளே பல் எப்படிக் கட்டப்படுகிறது, எந்தச் செல் எந்தச் செல்லுக்குச் சொல்லி அந்த வேலை ஆரம்பிக்கிறது என்று படிப்பதாக இவள் சொன்னாள். அத்தைக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

இன்னொன்று, பல்லைப் படிக்கிறவளுக்குப் பல்வரிசை சரியில்லை. மேலே ஒரு பல் பக்கத்துப் பல்லின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும். கேட்டால், “உள்ள யாரோ சொன்ன பேச்சு கேக்கலக்கா” என்பாள். எந்நேரமும் கோட்டுப் பையில் வறுத்த வேர்க்கடலை. ஸ்கூட்டியில் போகும்போதும் கொறித்துக்கொண்டே போவாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவளுடைய ஒரு கேள்விதான். எதைச் சொன்னாலும் கேட்பாள்: “யார் சொன்னது?”

“நாளைக்குக் கரண்ட் இருக்காதாம்மா.” “யார் சொன்னது?” “அந்தப் பொண்ணு புருசனை வுட்டு வந்துட்டாளாம்.” “யார் சொன்னது?” ஒருநாள் எரிச்சலில், “மழை வரும்போல இருக்குது, இதையும் வானம்தான் சொல்லிச்சு, போ” என்றேன். “அப்படி ஆளைக் காட்டுங்க, ஒத்துக்கறேன்” என்று சிரித்தாள். ‘தானா’ என்ற வார்த்தை அவளுக்கு ஆகவே ஆகாது. பால் தானா பொங்கிடுச்சு என்றால் அடுப்பை ஏற்றியது யார் என்பாள். நூல் தானா அறுந்துடுச்சு என்றால் மிஷினைக் குனிந்து பார்ப்பாள். ரேஷனில் இந்த மாதம் பாமாயில் கிடையாது என்று தெருவே புலம்பிக்கொண்டிருந்தபோது, வீடு வீடாகப் போய் யாருக்கு யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே போனாள். கடைசியில் போய் நின்றது ஜரிகைக்கடை பாய் வீட்டில். பாய்க்கு வயிறு சரியில்லை, ஒரு மாசத்துக்கு வீட்டில் பாமாயிலே கூடாது என்று சம்சாரத்திடம் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கு நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அவள் வந்த பிறகு தெருப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பல் விழுந்தால் ஓடிவந்து அவள் வாசலைக் குறிபார்த்து எறிவார்கள். அவள் அதை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய், “வெச்சிக்கட்டுமாம்மா? பேரு எழுதமாட்டேன், நம்பர் மட்டும்தான்” என்று அம்மாவிடம் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் பாட்டிலில் போடுவாள். கல்லூரியில் அதைக் கண்ணாடிமாதிரி மெல்லிசாகத் தேய்த்து, படிக்கிற பிள்ளைகளுக்கு மைக்ராஸ்கோப்பில் காட்டுவாளாம்.

என் மகள் ஹரிணிக்கு அப்போது ஆறரை வயது. மேல்வரிசை முன்பல் விழுந்ததும் எறியக்கூட இல்லை, கையில் எடுத்துக்கொண்டு தானே மாடிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்குச் சம்மதம்தான். ஆனால் கீழே வந்தவள் முகம் தொங்கிப்போய் இருந்தது. ஆன்ட்டி ஒழுங்காகப் பல் தேய்க்கச் சொல்லி என்னென்னவோ மிரட்டினார்களாம். நானும் மிஷினை மிதித்துக்கொண்டே, “நல்லாத்தான் சொல்லியிருக்காங்க, போயி தேய்” என்றேன்.

பக்கத்துப் பல் விழுந்து, புதுசு முளைத்து, பெரிதாகவும் ஆகிவிட்டது. முதலில் விழுந்த இடம் மட்டும் ஓட்டையாகவே இருந்தது. ஒரு வருஷம் ஆகப்போகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஓட்டைப்பல் என்று கூப்பிட, இவள் வாயைப் பொத்திக்கொண்டு பேசப் பழகிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. டாக்டரம்மா பார்க்கும்போதெல்லாம், “அக்கா, ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம்” என்பாள். நான், “வரும் வரும், தானா வரும்” என்பேன். ஒருநாள் கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே, “தானா எதுவும் வராதுக்கா. எத்தினி தடவை சொல்றது?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். அவர்கள் முன்னால் எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அந்தக் கோபத்தோடேதான் கேழ்வரகைத் தூக்கிக்கொண்டு மாவு மிஷினுக்குப் போனேன். மிஷின்கார அக்கா, “பாப்பாவுக்கு இன்னும் பல்லு மொளைக்கலியாடி?” என்றாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் நான் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது.

“எப்படி மொளைக்கும்? பழைய பல்லை மாடியில ஒருத்தி பாட்டில்ல பூட்டி வெச்சிக்கினு இருக்குறா. வெளிய வுடமாட்டாளாம்! புதுசு எங்கேந்து வரும்?”

வரிசையில் நின்ற ஐந்தாறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சத்தியமாக அதற்குமேல் ஒரு வார்த்தை நான் பேசவில்லை.

பத்து நாளில் அந்தப் பேச்சு ஆளே மாறி என் வாசலுக்குத் திரும்பி வந்தது. அவள் பாட்டிலில் அடைத்த பல்லுக்குச் சொந்தக்காரப் பிள்ளைகள் யாருக்கும் இனி பல் முளைக்காதாம். அமாவாசைக்கு அமாவாசை பல்லை அரைக்கிறாளாம். அரைத்ததை வெளிநாட்டுக்கு அனுப்புகிறாளாம். போன வாரம் பல் விழுந்த பிள்ளையின் அம்மாகூட, “என் புள்ளைக்கும் இன்னும் வரலியே” என்று அழுதாள். மாடியில் சாணி உருண்டை விழுவது நின்றுபோயிற்று. ஒரு நாள் எதிர்வீட்டு அத்தை நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“வூட்டுக்காரி நீதான். வைகாசி கருடசேவைக்குள்ள அவளைக் காலி பண்ணச் சொல்லு. இல்லன்னா நாங்க சொல்ற மாதிரி சொல்லுவோம்.”

என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். “பொம்பளைங்க விசயம், நீயே பேசிக்க” என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவளுக்கு அது இந்த ஊரில் நாலாவது வீடு. கல்யாணமாகாதவள், பாட்டில் பாட்டிலாகப் பல் வைத்திருப்பவள். முந்தின மூன்று வீட்டிலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். ஆராய்ச்சி முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி. என் வீட்டையும் விட்டால் ஊருக்குத்தான் போகவேண்டும், படிப்பும் அதோடு போய்விடும். அதெல்லாம் தெரிந்துதான் நான் படியேறினேன். எப்படியோ சொல்லி முடித்தேன்.

“சரிக்கா, போயிடறேன்” என்றாள். கொஞ்ச நேரம் கடலையை உரித்துக்கொண்டிருந்தாள். “ஆனா போறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சாவணும். யார் சொன்னது?”

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடிவந்தேன்.

அன்றைக்கே ஒரு பெரிய தாளில் தெருவில் உள்ள வீடெல்லாம் கட்டம் கட்டமாகப் போட்டுவிட்டாள். கல்லூரி விட்டு வந்ததும் ஒரு வீடு, இரண்டு வீடு என்று போவாள். யார் யாருக்குச் சொன்னார்களோ அப்படியே அம்புக்குறி போடுவாள். போட்டதும் நேரே என்னிடம்தான் கொண்டுவந்து காட்டுவாள். “பாய் வூட்டுக்கு நம்ம எதிர்வூட்டு அத்தை சொன்னாங்களாம்க்கா. அத்தைக்கு யாரு சொல்லியிருப்பாங்க, நெனைக்கிறீங்க?” நான் என்னத்தை நினைப்பேன்? அந்த வாரம் ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே வெட்டிவைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை, “மாவு மிஷின் வரைக்கும் வந்துட்டேன்க்கா” என்றாள். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சனிக்கிழமை எக்ஸ்ரே எடுக்க ஹரிணியைக் கல்லூரிக்கு அழைத்துப் போகட்டுமா என்று கேட்டாள். நான் மறுபேச்சுப் பேசவில்லை, பேச வாய் ஏது? திரும்பி வந்த பிறகும் ஹரிணியை மாடியில் உட்காரவைத்துக் கடலை கொடுத்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பெண்கள் எல்லாரையும் மாடிக்குக் கூப்பிட்டாள்.

சண்டை பார்க்கும் ஆசையில் எல்லாரும் வந்துவிட்டார்கள். மாடியைப் பெருக்கி, ஒரு வாளி நிறையக் கோலமாவும் கழித்துப் போட்ட பட்டுநூலும் வைத்திருந்தாள். எதிர்வீட்டு அத்தை தலைமையில் ஒரு வரிசை, மிஷின்கார அக்கா தலைமையில் ஒரு வரிசை. இரண்டையும் முகத்துக்கு முகம் பார்க்க, கால் விரலோடு விரல் இடிக்க நிறுத்தினாள்.

“பல்லு வெளிய தெரியறதுக்கு வருசக்கணக்குக்கு முன்னாடியே ஈறுக்குள்ள ரெண்டு வரிசை செல்லு இப்படித்தான் நிக்குது. அத்தே, உங்களுது வெளி வரிசை. இவங்களுது உள் வரிசை. நீங்க ‘போடு’ன்னு சொல்லுங்க.”

“இன்னாத்தைப் போடுறது?”

“சொல்லுங்களேன்.”

“போடுங்கடீ!” என்று அத்தை போட்ட சத்தத்தில் கோயில் புறா பறந்திருக்கும்.

உள் வரிசைப் பெண்கள் ஆளுக்கொரு நூலைப் பிடித்துக்கொண்டு, கால் முன்னால் கோலமாவைக் கொட்டியபடி ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனார்கள். நூலின் முன்முனை மாவுக்குள்ளேயே கிடந்தது.

“இந்த மாவுதான் டென்டின். வெளிய வெள்ளையா பளபளன்னு தெரியுதே எனாமலு, அதுக்கு உள்ள இருக்குற மெயினான சுவரு. போட்டுக்கினே அந்தச் செல்லுங்க பின்னால போயிடும், வாலு மட்டும் நூலு மாதிரி உள்ளயே நிக்கும். ஐஸ் தின்னா பல்லு கூசுதே, அந்த நூலு போற ஓட்டை வழியாத்தான். இப்ப அத்தே, உங்க கால்ல மாவு பட்டுச்சா? அதான் உங்களுக்குப் பதில் சேதி. இனிமேதான் நீங்க உங்க பக்கம் எனாமல் போடணும்.”

“மொதல்ல சொன்னது நானு. மொதல்ல வேலை செஞ்சது இவளா?” என்றாள் அத்தை.

“ஆமாத்தே. அவங்க போட்டாத்தான் நீங்க போட முடியும். நீங்க சொன்னாத்தான் அவங்க போட முடியும். இதுல தானா எதுவும் கிடையாது. அந்தச் சேதிங்களுக்கெல்லாம் பேரு வெச்சிருக்காங்க. ஒண்ணுக்கு வெளிநாட்டுக்காரங்க வெச்ச பேரு முள்ளெலி.”

“அடச்சீ, வாயிக்குள்ளயா?” என்று யாரோ கேட்க, மாடியே சிரித்தது. இந்தச் சிரிப்பில் மிஷின்கார அக்காவை எல்லாரும் மறந்துவிட்டோம். அவள் பாட்டுக்கு மாவைக் கொட்டிக்கொண்டே பின்னால் போய்த் தண்ணீர்த் தொட்டியில் இடித்துக்கொண்டு, “எவளாவது போதும்னு சொன்னீங்களாடி?” என்று திட்டினாள்.

டாக்டரம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். “அதேதான்! ‘போடு’ன்னு மட்டுமில்ல, ‘போதும்’னு சொல்றதுக்கும் உள்ள சேதி உண்டு. அது சரியா போவலன்னா ஒரு பல்லுக்கு ரெண்டு ஆரம்பிச்சிடும். ஏன் போவலன்னு இன்னும் முழுசாத் தெரியாது. அதைத்தான் நான் படிக்கிறேன்.” ஹரிணியின் எக்ஸ்ரேயை வெயிலில் தூக்கிக் காட்டினாள். உள்ளே பெரிய பல் முழுசாக இருந்தது. அது இறங்கும் வழியில், அரிசி மணி மாதிரி ஒரு குட்டிப் பல் குறுக்கே நின்றது. எனக்கு அதைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. குழந்தை வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது, நான் ஊரெல்லாம் கத்தியிருக்கிறேன்.

“இந்தக் குட்டியை எடுத்துட்டா பெரிசு இறங்கும். ஆடி முடியறதுக்குள்ள எட்டிப் பாக்கலன்னா நானே காலி பண்ணிக்கினு போயிடறேன்” என்றாள்.

“அதெல்லாம் சரிதாம்மா” என்றாள் அத்தை. “மொதல்ல அந்தப் பழைய பல்லைக் கூரை மேல போடு.”

நியாயமாக அவள் சண்டை போட்டிருக்கவேண்டும். போடவில்லை. ரூமுக்குள் போய்க் கையை மூடிக்கொண்டு வந்தாள். சாணியில் வைத்து உருட்டி, எல்லார் முன்னாலும் ரூமின் ஷீட்டுக் கூரை மேல் எறிந்தாள். பெண்களுக்குத் திருப்தி.

“அந்தக் கதையை ஆரம்பிச்சது யாருன்னு கண்டுபிடிச்சியா?” என்று மிஷின்கார அக்கா கேட்டாள். அவள் தாளை விரித்தாள். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அம்புக்குறியை எல்லாம் ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள், தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். “கண்டுபிடிச்சிட்டேன். சொல்லமாட்டேன்.”

எல்லாரும் போன பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நின்றேன். மாவைக் கூட்டுகிற மாதிரி குனிந்துகொண்டு, “நான்தாம்மா சொன்னேன்” என்றேன்.

“தெரியும்க்கா.”

“எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே.”

“நான் சொன்னா அதுவும் தெருவுல ஒரு புது சேதியாப் போவும். ‘போதும்’னு நீங்க சொல்லணும், அதே மாவு மிஷின்ல.”

எப்பேர்ப்பட்ட மனசு என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளே போனேன். ஓடுகிற மிஷினுக்கு மேலே கத்தினேன்: “அந்தப் பேச்சை ஆரம்பிச்சவ நான்தான். பொய்தான் சொன்னேன்.” ஒருத்தியும் நம்பவில்லை. “சும்மா இருடி, எனக்குத் தேரடித் தெருக்காரி சொன்னா. நீ எங்க சொன்ன?” என்றாள் மிஷின்கார அக்கா, என்னிடம் நேராகக் கேட்டவளே அவள்தான். நான் விடாமல் சத்தியம் செய்ய, “பாரேன், இவ வாயாலயே சொல்ல வெச்சிட்டா அந்தம்மா, ஏதோ பண்ணியிருக்கா” என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள். மானம் போனதுதான் மிச்சம்.

கல்லூரியிலேயே குட்டிப் பல்லை எடுத்தார்கள். அதற்கப்புறம் தினமும் காலையில் டார்ச்சடித்து ஹரிணியின் ஈறைப் பார்ப்பதே என் வேலை. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, கருடசேவையும் போயிற்று. ஆடியும் பிறந்தது. எக்ஸ்ரேயில் பல் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, வெளியேதான் தெரியவில்லை. மூன்றாம் வெள்ளியன்று மாடிக்குப் போனேன். பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கடலை கொறிக்கவில்லை. எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் ஆரம்பித்த பேச்சுக்கு இவள் பெட்டி கட்டுகிறாளே என்று அன்றைக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

அடுத்த புதன்கிழமை டார்ச் வெளிச்சத்தில் ஈறு நடுவே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. படியேறவில்லை, வாசலில் நின்றே, “பல்லு வந்துடுச்சும்மா!” என்று கத்தினேன். அன்றைக்கு மட்டும் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்து தானே பார்த்தாள். பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்து, பேஸ்ட் நுரையோடு ஓவென்று அழுதாள்.

தெரு என்ன சொல்லிற்று? “பாத்தியா, பழைய பல்லைக் கூரை மேல போட்டதும் வந்துடுச்சு!”

அடுத்த வருஷம் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது எங்கோ தூரத்தில் பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். போகும்போது டேப் ஒட்டி மூடிய ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்து, “ஹரிணி காலேஜுக்குப் போறப்ப குடுங்க” என்றாள். மாடி ரூமுக்கு அதற்கப்புறம் எத்தனையோ பேர் வந்தார்கள். ஒருத்தரும் என்னை அப்படிக் கேள்வி கேட்கவில்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

போன ஜூனில் காலேஜில் சேர்ந்த அன்றைக்கு ஹரிணி டப்பாவைத் திறந்தாள். உள்ளே நம்பர் ஒட்டிய பாட்டில், அதற்குள் அவளுடைய பால்பல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல் இங்கே இருக்கிறது என்றால் அன்றைக்குச் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிந்தது என்ன? டப்பாவின் மூலையில் ஒரு வேர்க்கடலை கிடந்தது.

பாட்டிலுக்குக் கீழே நாலாக மடித்த அந்தத் தாள். பாய் வீட்டுக்கு அத்தை வீட்டிலிருந்து அம்பு. அத்தை வீட்டுக்கு மாவு மிஷினிலிருந்து. மிஷினுக்கு எங்கள் வீட்டிலிருந்து. அதோடு முடிந்தது என்றுதானே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்? எங்கள் வீட்டுக்கு உள்ளேயும் ஓர் அம்பு வந்தது. அது ஓட்டைப்பல்லோடு வரைந்த ஒரு சின்னப் பெண்ணிடமிருந்து. அந்தப் பெண்ணுக்கு வந்த அம்பு மாடி ரூமிலிருந்து.

ஹரிணி விழுந்து விழுந்து சிரித்தாள். “ஆமாம்மா! ஆன்ட்டி பாட்டிலை ஆட்டிக் காட்டி, ‘ஒழுங்கா பல்லு தேய்க்கல, புதுப்பல்லை வெளிய வுடமாட்டேன், இதுலயே பூட்டி வெச்சிடுவேன்’னு சொன்னாங்க. நான் அன்னிக்கே உன்கிட்ட சொன்னேனே! எக்ஸ்ரே எடுத்த அன்னிக்கு ஆன்ட்டி கேட்டப்பவும் சொன்னேன்.”

அடிப்பாவி! அன்றைக்கு அவள் தாளை மடித்தது என் மானத்துக்காக இல்லை. என்னை மட்டும் மாவு மிஷினுக்கு அனுப்பிவிட்டு, இவள் மாடியில் உட்கார்ந்து கடலை தின்றிருக்கிறாள். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, உடனே அவளைப் பார்க்கவேண்டும்போலவும் இருந்தது. ஹரிணியின் போனைப் பிடுங்கி அவளைக் கூப்பிட்டேன்.

“ஏம்மா, அந்தக் கதையை மொதமொதல்ல ஆரம்பிச்சதே நீதானாமே?”

அந்தப் பக்கம் கடலைத் தோல் உடைகிற சத்தம் கேட்டது.

“யார் சொன்னது?” என்றாள்.